ஸ்க்ரீம் - ஸ்க்ரீம் 2: ரெண்டாவது பாகம் எங்கே மிஞ்சுது, எங்கே சறுக்குது?

மாடிப்படி:

முதல்லயே சொல்லிடறேன், ரெண்டு படத்துலயும் கொலையாளி யாருங்கிறதை மறைக்காம பேசப்போறோம். பார்க்காதவங்க இப்படியே திரும்பிடுங்க.

ரெண்டும் முகமூடிக் கொலையாளி வர்ற ஹாலிவுட் பேய்ப்படம். முதல் படம் 1996 டிசம்பர், ரெண்டாவது 1997 டிசம்பர். நடுவுல முழுசா ஒரு வருஷம்கூட இல்ல. ரெண்டுக்கும் இயக்கம் வெஸ் க்ரேவன், எழுத்து கெவின் வில்லியம்சன். முதல் படத்துல பேய்ப்படம் நிறைய பார்த்த பசங்க, பேய்ப்படம் மாதிரியே சாகறாங்க. ரெண்டாவதுல அந்தக் கொலைகளையே 'ஸ்டேப்'னு ஒரு படமா எடுத்து தியேட்டர்ல ஓட்டறாங்க. யோசனையா கேட்டா ரெண்டாவதுதான் கெட்டி. ஆனா அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தா முதல் படம்தான் இறுக்கமா நிக்குது. 'முதல் பாகம்தான் எப்பவும் பெஸ்ட்'ங்கிற பதில் வேணாம், அது எல்லாருக்கும் தெரியும். எந்த சீன்ல, எதனால?

குறிப்பா ரெண்டு விஷயம் உறுத்துது. பேய்ப்படப் பைத்தியம் ராண்டி, அந்தப் படங்களோட விதிகளைச் சொல்ற இடம் முதல் படத்துல கதையோட ஒட்டுது, ரெண்டாவதுல வெறும் வசனமா மிதக்குது. ஆளும் அதே ஆள், நக்கலும் அதே நக்கல், அப்புறம் என்ன குறை? அடுத்தது, கடைசியில கொலையாளியா மிஸஸ் லூமிஸ் (முதல் படக் கொலையாளி பில்லியோட அம்மா) முகத்தைக் காட்டும்போது 'அடப்பாவி'ன்னு தோணாம 'ஓ, சரி'ன்னு போகுதே, ஏன்?

கத்தரிக்கோல்:

விதிகள் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா மொத்த வித்தியாசமும் அங்கதான் இருக்கு.

முதல் படத்துல ராண்டி சொல்றது மூணு. உடலுறவு கூடாது. குடி, போதை கூடாது. 'இதோ வந்துடறேன்'னு எந்தக் காரணத்துக்கும் சொல்லக்கூடாது. மூணும் பாத்திரங்களுக்குச் சொன்னது. செய்யாதே, செஞ்சா செத்த. அவன் சொல்லிக்கிட்டு இருக்கிற ஹால் முழுக்க பீர் பாட்டில். மாடியில கதாநாயகி சிட்னியும் அவ காதலன் பில்லியும் தனியா இருக்காங்க. விதியைச் சொல்லி முடிச்ச கையோட பில்லியோட நண்பன் ஸ்டூ பீர் எடுக்கப் போறான், போகும்போது வேணும்னே 'இதோ வந்துடறேன்'னு கத்திட்டுப் போறான். முதல் தடவை பார்க்கிறப்போ அது திமிர். ரெண்டாவது தடவை பார்க்கிறப்போ வேற அர்த்தம்: பில்லியோட சேர்ந்து கொல்றதே அவன்தான், அவனுக்கென்ன பயம்? ஆக ஒரு நிமிஷத்துல மூணு விதியும் மீறப்படுது, யாருக்கு எப்போ அடி விழும்னு நாம கணக்குப் போட ஆரம்பிச்சிடறோம். அந்தக் கணக்கை உடைக்கத்தான் சிட்னி இருக்கா. முதல் விதியை மீறியும் அவ பிழைக்கிறா.

ரெண்டாவது படத்துல ராண்டி சொல்றதைப் பாருங்க. சீக்வெல்லுன்னா பிண எண்ணிக்கை கூடணும். சாவு ஒவ்வொண்ணும் இன்னும் விஸ்தாரமா, இன்னும் ரத்தமா இருக்கணும். இதைக் கேட்டு, முதல் படத்துல போலீஸா இருந்த டூயி என்ன செய்ய முடியும்? சிட்னி என்ன செய்ய முடியும்? ஒண்ணும் முடியாது. இது பாத்திரத்துக்கான விதி இல்ல, தயாரிப்பாளருக்கான ஆர்டர் சீட்டு. அதனாலதான் உங்களுக்கு மிதக்கிற மாதிரி இருக்கு.

வேடிக்கை என்னன்னா, பாத்திரத்துக்கு உதவற மாதிரி ஒண்ணு மூணாவதா இருந்தது: கொலையாளி செத்துட்டான்னு ஒருபோதும் நினைக்காதே. ட்ரெய்லர்ல அது இருக்கு. படத்துல ராண்டி 'மூணாவது...'ன்னு ஆரம்பிக்கும்போதே டூயி குறுக்க பேசி, கொலையாளியை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டுடறார். கடைசியில இன்னொரு கொலையாளி மிக்கி திடீர்னு எழும்பறதும், சிட்னி மிஸஸ் லூமிஸ் தலையில இன்னொரு தோட்டா இறக்கறதும் அந்த விட்டுப்போன விதியோட பாக்கிதான். சொல்லாம விட்டதை செஞ்சு காட்டினது நல்ல யோசனை. ஆனா அந்த முதல் பாதியை ட்ரெய்லர் பார்த்தவன் மட்டும்தான் பிடிப்பான்.

முதல் படத்தோட சோபா சீனையும் சேர்த்துக்கங்க. ராண்டி தனியா உட்கார்ந்து 'ஹாலோவீன்' பார்க்கிறான். திரையில அந்தப் படத்து நாயகி ஜேமி லீ கர்ட்டிஸ், 'ஜேமி, திரும்பிப் பாரு'ன்னு இவன் கத்தறான், இவனுக்குப் பின்னாடி கத்தியோட முகமூடி நிக்குது. (ராண்டியா நடிக்கிறவர் பேரும் ஜேமி, ஜேமி கென்னடி. ரெண்டு அடுக்கு கிண்டல்.) இதை வெளியே செய்தி வேன்ல உட்கார்ந்து சிட்னியும் கேமராமேன் கென்னியும் பார்க்கிறாங்க, அவங்களும் 'பின்னாடி பாரு'ன்னு கத்தறாங்க. அப்போதான் கென்னிக்கு உறைக்குது, ஒளிச்ச கேமராவிலேர்ந்து வர்ற படம் 30 வினாடி பிந்தி ஓடுது. திரையில தெரியறது முடிஞ்சுபோன கதை, ஆள் இப்போ வேற எங்கேயோ இருக்கான். வேன் கதவைத் திறக்கிறான், கழுத்துல விழுது. சினிமா பார்க்கிறதைப் பத்தின ஜோக்கும் பயமும் இங்க ஒரே எந்திரம். ஜோக்கை உருவினா சீனே கிடையாது. ரெண்டாவது படத்துல ஜோக்கு தனி, பயம் தனி.

நள்ளிரவு ஷோ:

கடைசி வரியை முழுசா ஒத்துக்க மாட்டேன் கத்தரிக்கோல். ரெண்டாவதோட ஆரம்ப தியேட்டர் சீன்ல ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு.

ரெண்டு ஆரம்பத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. முதல் படத்துல கேஸி தனியா வீட்டுல மாட்டிக்கிற சீன் சுமார் 12 நிமிஷம். பெரும்பாலும் பாத்திரங்கள் ரெண்டே பேர், அதுல ஒண்ணு வெறும் குரல். போன்ல பேசின ராஜர் ஜாக்சன் படப்பிடிப்பு இடத்துலயே கண்ணுல படாம இருந்து நிஜமாவே போன் போட்டுப் பேசினார், நடிகர்கள் யாரும் அவரைப் பார்க்கல. அடுப்புல பாப்கார்ன் பாக்கெட் ஊதிக்கிட்டே போறதுதான் கடிகாரம். கண்ணாடிக் கதவுகள், வெளியே இருட்டு, வராந்தாவுல கட்டிப்போட்ட கேஸியோட காதலன் ஸ்டீவ். வீட்டோட வரைபடம் மூணாவது நிமிஷத்துலயே நமக்கு மனப்பாடம், அதனால அவ எந்தக் கதவை நோக்கி ஓடினாலும் எவ்வளவு தூரம்னு தெரியும். அப்புறம் வினாடி வினா: 'ஃப்ரைடே தி 13த்' படத்துல கொலையாளி யார்? அவ 'ஜேசன்'ங்கிறா. தப்பு, முதல் படத்துல கொன்னது அவன் அம்மா. இதை ஞாபகம் வச்சுக்கங்க, கீழே யாராவது எடுப்பாங்க. அப்பா அம்மா வீட்டுக்குத் திரும்பி வர்றாங்க, பொண்ணுக்குக் கழுத்து நசுங்கி கத்த முடியல, அம்மா காதுல போன் வழியா மூச்சு மட்டும் கேக்குது. போஸ்டர்ல பெருசா இருந்த, கேஸியா நடிச்ச ட்ரூ பேரிமோர்தான் கதாநாயகின்னு நம்பி உட்கார்ந்தவங்களுக்கு அது தலையில விழுந்த அடி.

இதைத் திரும்பச் செய்ய முடியாது. தெரிஞ்ச நடிகையை எடுத்ததும் கொன்னா, 'போன தடவை மாதிரியே'ன்னு ஜனங்க கொட்டாவி விடுவாங்க. அதனால வில்லியம்சன் எல்லாத்தையும் தலைகீழாக்கினார். அங்க தனிமை, இங்க நூத்துக்கணக்கான சாட்சி. 'ஸ்டேப்' பட விளம்பரத்துக்காக இலவச முகமூடியும் அங்கியும் கொடுத்திருக்காங்க, அரங்கு முழுக்க கொலையாளி வேஷம். படம் பார்க்க வந்த கறுப்பின ஜோடி ஃபில், மோரீன். கழிப்பறைத் தடுப்புல ஃபில் காதை வச்சு ஒட்டுக்கேட்கிறான், தடுப்பைத் துளைச்சு கத்தி காதுக்குள்ள. கொலையாளி அவன் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு மோரீன் பக்கத்துல வந்து உட்கார்றான். திரையில ஹெதர் கிரஹாம் கேஸியா ஓடறாங்க, இருக்கையில நிஜக் கொலை நடக்குது, சுத்தி இருக்கிறவங்க கை தட்டறாங்க. மோரீன் தள்ளாடி திரைக்கு முன்னாடி ஏறி நின்னு அலறின பிறகுதான் கைதட்டல் மெதுவா நிக்குது. அங்க யாரும் கேட்காததால சாவு. இங்க எல்லாரும் பார்த்தும் சாவு. இதுல சினிமா ஜோக்கையும் பயத்தையும் எப்படிப் பிரிப்பீங்க?

குறைன்னா, மோரீனுக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பும் கிடையாது. கேஸிக்குக் கேள்வி கேட்டாங்க, சரியா சொல்லியிருந்தா என்னாகியிருக்கும்னு நாம தவிச்சோம். மோரீனுக்குக் கேள்வியே இல்ல. இன்னொண்ணு: பேய்ப்படத்துல கறுப்பின மக்களுக்கு இடமே கிடையாதுன்னு மோரீன் ஆரம்பத்துலயே பொரிஞ்சு தள்றா. முதல் படத்துக்கே அது பொருத்தமான சாட்டை. அடிச்சுட்டு, அடுத்த சில நிமிஷத்துல அவங்க ரெண்டு பேரையும்தான் முதல்ல கொல்றாங்க. தப்பைச் சுட்டிக் காட்டிக்கிட்டே தப்பைச் செய்யறது எனக்கு ஒட்டல. கறுப்பினக் கேமராமேன் ஜோயல் 'நான் கிளம்பறேன்பா'ன்னு போயிட்டு பிழைச்சுக்கிறதுதான் அந்தக் கிண்டலுக்கு ஒழுங்கான பதில்.

சுவர்க்கோழி:

எல்லாரும் வசனத்தையே சுத்தறீங்க. ரெண்டாவது படத்தோட பலம் வசனமே இல்லாத ரெண்டு இடம்.

ஒண்ணு போலீஸ் கார். விபத்துக்கு அப்புறம் முகமூடிக்காரன் ஓட்டுநர் இருக்கையில மயங்கிக் கிடக்கிறான். பின்னாடி சிட்னியும் அவ தோழி ஹேலியும். போலீஸ் கார்னால பின்கதவு உள்ளேர்ந்து திறக்காது, முன்னாடிக்கும் பின்னாடிக்கும் நடுவுல கம்பி வலை. ஒரே வழி, வலையை விலக்கி முன்சீட்டுக்கு வந்து, அவன் மேலேயே ஊர்ந்து ஜன்னல் வழியா இறங்கணும். முதல்ல சிட்னி, அப்புறம் ஹேலி. ரெண்டு தடவையும் அவன் நெஞ்சு மேல ஒரு உடம்பு போகுது. அவ்வளவுதான் சீன். கத்தி வீச்சு கிடையாது. முகமூடியைக் கழட்டிப் பார்க்கலாமான்னு சிட்னி கை போய்ப் போய் வருது. முதல் படத்துல இதுக்கு இணையா அமைதியில பயமுறுத்தற சீன் ஒண்ணுகூட இல்ல.

இன்னொண்ணு ஒலிப்பதிவு அறை. டிவி நிருபர் கேல் சத்தம் புகாத கண்ணாடிக்கு உள்ளே, டூயி வெளியே. அவர் முதுகுல கத்தி இறங்கறதை அவ பார்க்கிறா, கேட்க முடியல. முதல் படம் முழுக்க குரல் மட்டும் வரும், ஆள் தெரியாது. இங்க ஆள் தெரியறான், சத்தம் இல்ல. முதல் பாகத்தைத் தெரிஞ்சு எழுதினதுன்னா இதுதான். யாரும் எழுந்து நின்னு 'இது சீக்வெல்'னு சொல்ல வேண்டியதில்ல.

சறுக்கறது இதுக்கு நடுவுல இருக்கிற இட்டு நிரப்பல்கள். சீசீங்கிற கல்லூரி மாணவி தனியா விடுதியில, போன் மணி, குரல், மாடியிலேர்ந்து கீழே. கேஸி சீனோட கார்பன் காப்பி. அவ சாவால கதை நகர்றது ஒரே விஷயத்துல: அவளோட நிஜப் பேர் கேஸி கூப்பர். மோரீன் (சிட்னியோட அம்மா பேர்), ஸ்டீவன்ஸ் (ஃபிலோட குடும்பப் பேர், அங்க ஸ்டீவ்), கேஸி, எல்லாமே முதல் கொலைகள்ல வந்த பேர்கள், யாரோ நகல் எடுக்கிறாங்கன்னு கேல் கண்டுபிடிக்கிறா. அருமையான முடிச்சு. அப்புறம் அதை அப்படியே தொங்க விட்டுட்டாங்க. ராண்டி, ஹேலி, சிட்னியோட புதுக் காதலன் டெரெக், யாருக்கும் அந்தக் கணக்கு பொருந்தல, ஏன்னு ஒருத்தரும் கேட்கவும் இல்ல.

பழைய பிரதி:

மிஸஸ் லூமிஸ் பற்றிய கேள்விக்கு வருகிறேன். குறிப்பு கொடுக்கவில்லை என்று படத்தின் மேல் பழி போட முடியாது. மூன்று குறிப்புகள் இருக்கின்றன.

முதலாவது, மேலே நள்ளிரவு ஷோ சொன்ன வினாடி வினா. கொன்றது மகன் இல்லை, அம்மா. அடுத்த படத்தின் விடையே முதல் படத்தின் பத்தாவது நிமிடத்துக்குள் கிடக்கிறது. இரண்டாவது, பில்லி தன் கொலைகளுக்குச் சொல்லும் காரணம்: சிட்னியின் அம்மாவால் அவனுடைய அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டாள். போனவள் எங்கே என்று முதல் படம் சொல்லவில்லை. மூன்றாவதுதான் அழகு. பட்டப்பகலில், கல்லூரிப் புல்வெளியில், ராண்டி போனில் கொலையாளியைப் பேச்சில் பிடித்து வைக்கிறான்; கேலும் டூயியும் போன் பேசுகிறவர்களை ஒவ்வொருவராக மடக்கிப் பார்க்கிறார்கள். ராண்டி வாய் ஓயாமல் பில்லியை அம்மாப் பிள்ளை என்று மட்டம் தட்டுகிறான். அந்த நொடியில் செய்தி வேனுக்குள் இழுக்கப்பட்டுச் சாகிறான். பில்லியைத் திட்டினால் யாருக்கு ரத்தம் கொதிக்கும்? கடைசியில் மிஸஸ் லூமிஸ் அதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறாள்.

குறிப்பு சரி, ஆள்தான் இல்லை. டெபி சால்ட் என்ற உள்ளூர் நிருபராக அவள் வருவது சில நிமிடங்கள், அதுவும் கேலுக்குத் தொந்தரவு கொடுக்கும் நகைச்சுவைப் பாத்திரமாக. அவளைச் சந்தேகிக்கவும் நமக்கு நேரமில்லை, நம்பவும் நேரமில்லை. நம்பாத ஆள் ஏமாற்றினால் எங்கிருந்து அதிர்ச்சி வரும்? மேலும் முதல் படத்தில் வுட்ஸ்பரோ ஊரில் நடந்த கொலைகளைப் பற்றிப் புத்தகமே எழுதிய கேலுக்கு பில்லியின் அம்மாவை அடையாளம் தெரியவில்லை. எடையைக் குறைத்து ஆளே மாறிவிட்டாள் என்று ஒரு வரியில் ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். பட்டி பார்த்த இடம் பளிச்சென்று தெரிகிறது. மிக்கியும் அப்படித்தான், பின்பாதியில் நெடுநேரம் காணாமல் போய் முடிவில் திடுமென்று வருகிறான். சினிமாதான் என்னைக் கெடுத்தது என்று நீதிமன்றத்தில் வாதாடிப் புகழ் பெறுவது அவன் திட்டம். நல்ல கிண்டல், ஆனால் அது கட்டுரைக்கான காரணம், கத்தி எடுக்கிற காரணம் இல்லை.

முதல் படம் இதை எப்படிச் செய்தது? பில்லியை ஒளிக்கவே இல்லை. சிட்னி வீட்டில் அவன் பையிலிருந்து கைப்பேசி விழுகிறது, கைதாகிறான். அவன் சிறையில் இருக்கும்போதே சிட்னிக்கு அழைப்பு வருகிறது, உடனே நிரபராதி ஆகிறான். அழைத்தது ஸ்டூ. உண்மையான குற்றவாளியைக் காட்டி, நம் கையாலேயே விடுவிக்க வைத்த தந்திரம் அது. இருவர் என்ற விடை தெரிந்தபின் அதே பூட்டை இரண்டாம் முறை போட முடியாது.

ஆனால் ஓர் இடத்தில் இரண்டாம் படம் அந்த விடையையே ஆயுதமாக்குகிறது. மேடையில் டெரெக் கட்டப்பட்டுக் கிடக்கிறான். இவன் என் கூட்டாளி என்கிறான் மிக்கி. சிட்னி கட்டை அவிழ்க்கப் போன கையை நிறுத்துகிறாள். போன முறை கொன்றது காதலன்தானே. அந்தத் தயக்கத்தில் டெரெக் சுடப்படுகிறான், அவன் நிரபராதி. முதல் படத்தில் விஷயம் தெரிந்திருப்பது பாதுகாப்பு. இங்கே தெரிந்திருப்பதே ஒருவனைக் கொல்கிறது. இரண்டாம் பாகம் என்ற உணர்வு ஒரு பாத்திரத்தின் நெஞ்சில் தைத்த ஒரே இடம் இதுதான். அவள் நாடகத்தில் நடிப்பது கசாண்ட்ரா வேடம், நடக்கப்போவது தெரிந்தும் யாரும் நம்பாதவள். அந்த வேடத்துக்கான இசைக்கோவையை டேனி எல்ஃப்மேன் தனியாக எழுதியிருக்கிறார். இந்த இழையை இன்னும் இரண்டு காட்சிக்கு நீட்டியிருந்தால் படம் எங்கேயோ போயிருக்கும்.

மாடிப்படி:

டெரெக் விஷயம் கண்ணுல படவே இல்ல, நன்றி. திரைக்கதை இணையத்துல கசிஞ்சதால முடிவை மாத்தினாங்கன்னு சொல்றாங்களே, பலவீனத்துக்கு அதுதான் காரணமா?

கத்தரிக்கோல்:

கசிஞ்சது உண்மை, மாத்தி எழுதினதும் உண்மை. நடிகர்களுக்கே கடைசிப் பக்கங்களைக் கொடுக்காம வச்சிருந்தாங்க. ஆனா பழியை மொத்தமா அதுமேல போடாதீங்க. அவசரம்தான் பெரிய காரணம். முதல் படம் முதல் வார இறுதியில 6 மில்லியன் டாலர் சொச்சம்தான், வாய்வழியா பரவி உலகம் முழுக்க 170 மில்லியனைத் தாண்டினது. அந்தச் சூட்டுலயே அடுத்த டிசம்பருக்கு தேதி குறிச்சாச்சு. ரெண்டாவது படம் முதல் வார இறுதியிலயே கிட்டத்தட்ட 33 மில்லியன் எடுத்துது. ஆனா மொத்த வசூல் ஏறக்குறைய அதே இடத்துலதான் நின்னுது.

அவசரம் எங்க தெரியுதுன்னா, ஒரு சாவு எத்தனை வேலை செய்யுதுன்னு பாருங்க. முதல் படத்துல தலைமையாசிரியர் ஹிம்ப்ரி கொலை பின்னாடி சேர்த்தது. ஸ்க்ரிப்ட்ல சுமார் 30 பக்கம் சாவே இல்லாம போகுதுன்னு தயாரிப்புத் தரப்பு சொன்னதால வில்லியம்சன் எழுதினார். வேற எழுத்தாளரா இருந்தா ஒட்டுப்போட்டு விட்டிருப்பாங்க. இவர் அதையே சாவியாக்கினார்: பார்ட்டி நடக்கும்போது 'பிரின்ஸிபாலைக் கொன்னு கோல் கம்பத்துல தொங்க விட்டிருக்காங்க'ன்னு செய்தி வருது, பசங்க கூட்டமா அதைப் பார்க்கக் கிளம்பறாங்க, வீடு காலி. கடைசி 40 சொச்சம் நிமிஷத்துக்குத் தேவையான ஆளுங்க மட்டும் மிச்சம். ஒரு கொலை, ரெண்டு வேலை. ரெண்டாவதுல சிட்னிக்குக் காவலா வந்த போலீஸ்காரங்க ரெண்டு பேரும் எதுக்குச் சாகறாங்க? எண்ணிக்கைக்கு. ராண்டி சொன்ன ஆர்டர் சீட்டுதான்.

சுவர்க்கோழி:

போலீஸ்காரங்க செத்தாதானே கார் சீன் வரும்? அதை எண்ணிக்கைக் கணக்குல தள்ளாதீங்க.

கத்தரிக்கோல்:

சரி, அது ஒண்ணு உங்களுக்கு. சீசீயை விட்டுத்தர மாட்டேன்.

நள்ளிரவு ஷோ:

எண்ணிக்கைன்னு பேச்சு வந்ததால: முதல் படத்துல கேஸி, ஸ்டீவ், ஹிம்ப்ரி, சிட்னியோட தோழி டேட்டம், கென்னி, கூட பில்லியும் ஸ்டூவும். மொத்தம் 7. ரெண்டாவதுல மோரீன், ஃபில், சீசீ, ராண்டி, ரெண்டு போலீஸ், ஹேலி, டெரெக், மிக்கி, மிஸஸ் லூமிஸ். மொத்தம் 10. சிட்னியோட அம்மா கதை தொடங்கறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே செத்தவங்க, அவங்களைச் சேர்த்து முதல் படத்துக்கு 8னு சிலர் எழுதறாங்க. அது சேராது.

மாடிப்படி, இன்னொரு தடவை ரெண்டையும் ஓட்டறதா இருந்தா முழுசா அடுத்தடுத்து வேணாம். முதல் படத்தோட வீடியோ கடை சீனைப் பார்த்துட்டு, உடனே ரெண்டாவதோட வகுப்பறை விவாதத்தைப் பாருங்க. கடையில ராண்டி பேசறது 'யார் கொலையாளி', கேட்டுக்கிட்டு நிக்கிறதே கொலையாளிங்க ரெண்டு பேரும். வகுப்புல பேசறது 'எந்த சீக்வெல் நல்ல சீக்வெல்', மிக்கியும் அங்கதான் உட்கார்ந்திருக்கான், ஆனா பேச்சுல யாருக்கும் எதுவும் பணயம் இல்ல. அப்புறம் வேன் சீனை வேனோட வைங்க: கென்னி கதவைத் திறந்து செத்தான், ராண்டியைக் கதவு திறந்து உள்ளே இழுத்தாங்க. பக்கத்துல ரேடியோவைச் சத்தமா வச்சுக்கிட்டு பசங்க நடந்து போறாங்க, அதனாலதான் அவன் அலறல் வெளியே கேட்கல. அந்தப் பாட்டுச் சத்தத்தைக் கவனிங்க, பலர் தவற விடற இடம்.